முட்டிக்கடியில் வைக்காத தலையணை

மறைந்த எங்கள் அண்ணன் பிறந்தது வலங்கைமான் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில். அப்பா விட்டுப்போனது பண்ணையாரின் மூன்று மா குத்தகை வயல் ஒன்றுதான். அண்ணி சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. தாலியிழந்து திரும்பி வந்த நானும் அவரும்தான் வீட்டில்.

மேடைக்கு மேடை குத்தகைக்காரனுக்குச் சட்டம் பேசிய காலம் அது. எங்கள் ஊரில் நடந்தது வேறு. அறுப்புத் தகராறில் பண்ணை ஆட்கள் அண்ணனை வாய்க்கால் மதகில் தள்ளி முட்டியை உடைத்தார்கள். தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், வலிக்குமே என்று முட்டிக்கடியில் தலையணை வைத்தேன். கட்டுப் பிரித்த அன்று பிசியோதெரபி டாக்டரம்மா என்னை ஒரு பிடி பிடித்தார்.

"தலகாணியத் தூக்கிப் போடுங்கம்மா. இப்படியே விட்டா கால் நீளாது. தினமும் மடக்கி நீட்டணும். கத்துவாரு, விட்டுடாதீங்க."

பண்ணையாரோ, ஆள் படுத்துவிட்டான், சாகுபடி இல்லை என்று வயலைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டுவிட்டார். நடவு சமயத்தில் தாசில்தார் நேரில் வருகிறார் என்று தாக்கல் வந்தது. அன்று அண்ணன் சேற்றில் இறங்காவிட்டால் வயல் போச்சு.

நான் விடவில்லை. துண்டைக் கடிக்கக் கொடுத்துவிட்டு மடக்கினேன்.

"நீ தங்கச்சியா, பண்ணையோட ஆளா? அவனுங்க ஒரு தடவதான்டி ஒடச்சானுங்க!"

"நல்லா கத்துண்ணே, பண்ண வீடு வரைக்கும் கேக்கட்டும். முட்டிய மட்டும் நீட்டு."

தலையணை கேட்டுக் கெஞ்சினார், அழுதார். வைக்கவேயில்லை.

தாசில்தார் வந்த அன்று அண்ணன் தடியை வரப்பில் எறிந்துவிட்டு இறங்கி, ஒரு முடி நாற்றுக்கட்டு முழுவதையும் நட்டு முடித்துத்தான் நிமிர்ந்தார். பண்ணையார் குடையை மடக்கிக்கொண்டு போனார். குத்தகை அண்ணன் பேரிலேயே நின்றது. கடைசிவரை அவரே இறங்கி நட்டார்.

அந்த டாக்டரம்மாவுக்கும், நடை பழகும்போது தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் என் கும்பிடு. மாலை அனுப்பிய பண்ணை வீட்டாருக்கும்தான். அண்ணனை எடுத்துப் போனது எங்கள் வயல் வரப்பு வழியாக என்பதையும் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒன்றை எழுதாமல் முடிக்கக் கூடாது. போன மாசம் நெஞ்சில் நீர் கோத்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. வந்து படுத்தவர் கால் வலிக்கிறது என்றார். இத்தனை வருஷம் கழித்து முட்டிக்கடியில் தலையணை வைத்தேன்.

என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப அவ்வளவுதானா புள்ள?" என்றார்.