அக்கா மறுபடியும் தண்ணீரில் இறங்கிய ஏப்ரல்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது அவருடைய மகள், "சித்தி, நீங்களே எழுதிடுங்க. நான் தமிழ்ல எழுதினா எல்லாம் கட்பட் ஆயிடும், ஒரே குளறுபடியாப் போயிடும்" என்றாள். எழுத உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் நினைவு தண்ணீரில் போய் நிற்கிறது.

அக்கா டெல்லியில், கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்தவர். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மத்திய அரசு எழுத்தர் வேலைக்கு வந்தவர் எங்கள் அப்பா. வீட்டுக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். ஆற்றையோ கடலையோ கண்டிராத அக்கா, பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டார். அப்படி அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள போயிட்டா சத்தமே இல்லடி. வீட்ல அஞ்சு பேரும் ஒரே ரூம்ல இருக்கோம். அங்க நான் மட்டும்தான்" என்றார்.

திருமணமாகி கரோல் பாகுக்குக் குடிபோன பிறகு, ஒரு விளையாட்டு வளாகத்தின் குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்புக்குப் பயிற்சியாளரானார். மருமகள் நீச்சல் உடை போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதைப் பற்றிப் புகுந்த வீட்டு உறவினர் சிலர் முணுமுணுத்தார்கள். "அது அவ வேலை" என்று அத்தான் ஒரே வார்த்தையில் அந்தப் பேச்சை முடித்துவைத்தார். கடைக்காரர் வீட்டுப் பெண்கள், ஆசிரியைகள், ஓய்வு பெற்ற நர்சுகள் என்று எத்தனையோ பேர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கப் பழகினார்கள். நான் மட்டும் பழகவில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

ஐம்பதைக் கடந்தபின் அக்காவின் இடது இடுப்பில் வலி தொடங்கியது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அது தெரியாது, கரையேறினால்தான் தெரியும். அதனால் வெகுநாள் எங்களிடம் மறைத்துவிட்டார். ஒரு நீச்சல் பருவத்தின் முடிவில், குளத்தின் ஏணியைப் பிடித்தவர் ஏற முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். அவர் வானத்தை வேடிக்கை பார்க்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று அறுவை சிகிச்சை செய்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

டெல்லியில் திறந்தவெளிக் குளங்களைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அந்த நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி, ஏப்ரலில் வேலைக்குப் போகலாமா என்பதுதான். நீந்தலாம், ஆனால் குதிக்கக் கூடாது, தவளைபோல் காலை அகட்டி உதைக்கும் நீச்சல் கூடாது என்றார் டாக்டர். வேலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் இப்போது நினைத்தாலும் கனவு போலத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் எதிர்வீட்டை மறைத்துக்கொண்டு நிற்கும். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துக்கொண்டு அக்கா மல்லாந்து படுத்திருப்பார். குனியக் கூடாது என்பதால் அத்தான்தான் காலுறை மாட்டிவிடுவார். பகல் தூக்கத்தில் அக்காவின் கைகள் போர்வைமேல் மெல்ல அசையும், நீரைத் தள்ளுவதுபோல. விழித்ததும் வெளியே பார்த்துவிட்டு, "ஊரே தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இல்ல? எல்லாரும் எவ்ளோ மெதுவா நடக்கறாங்க பாரு" என்பார். அவருடைய பொழுதே தண்ணீருக்குள் கழிவதாக எனக்குத் தோன்றும்.

காயம் நன்றாக ஆறியபின், டாக்டரின் அனுமதியுடன், உள்ளரங்கில் இருந்த ஒரு வெந்நீர்க் குளத்தில் இறங்கினார். முதலில் இடுப்பளவு நீரில் நடை. பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு நேர்க்கால் உதை. இத்தனை ஆண்டுகள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், புதிதாகச் சேர்ந்தவரைப்போல முதலிலிருந்து தொடங்கினார். பிசியோதெரபிஸ்ட் பெண் கரையில் நின்று, "தீரே, தீரே" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மெதுவாக, மெதுவாக.

ஏப்ரலில் குளம் திறந்ததும் நானும் அவருடன் போனேன். வளாகத்தின் மேலாளர் நல்ல மனிதர். "மேடம், இனிமே கவுண்டர்ல ஆராம்சே, நிம்மதியா உட்கார்ந்துக்குங்க" என்றார் ஹிந்தியில்.

"ரொம்ப நேரம் உட்காரக் கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்கார்" என்று அக்காவும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். மேலாளர் சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை. ஆழத்தில் யாராவது தத்தளித்தால் இவரால் இழுத்துவர முடியுமா என்பதே அவர் கவலை. அது நியாயமானதும்கூட. ஒவ்வோர் ஆண்டும் வைக்கும் மீட்புத் தேர்வை அன்றே வைக்கச் சொன்னார் அக்கா. குளத்தின் உயிர்காப்புக் காவலர்களில் ஒருவர் தத்தளிப்பவராக நடிப்பார் என்றார் மேலாளர்.

"நீந்தத் தெரிஞ்சவரைக் காப்பாத்தறது என்ன டெஸ்ட்? என் தங்கச்சிக்கு நீந்தவே வராது" என்றார் அக்கா.

பயத்தோடுதான் உடை மாற்றப் போனேன். அக்காவின் பழைய உடையை இறுக்கமாக மாட்டிக்கொண்டு, காவலர் ஒருவர் தாங்கிப் பிடிக்க, ஆழமான பக்கத்தில் இறங்கினேன். காவலர் கையை விட்டு விலகியதும் ஒரே ஒரு கணம் கீழே போனேன். பச்சை வெளிச்சம். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் அக்குளுக்கடியில் நுழைந்து என்னை மேலே தூக்கியது.

"தலையை என் தோள்ல சாய்ச்சுக்கோ. மேல பாரு."

பார்த்தேன். வானத்தில் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. காதுகள் நீருக்குள் இருந்ததால் உலகத்தில் ஓர் ஓசையும் இல்லை. என் முதுகுக்கடியில் அக்காவின் கால்கள் சின்னச் சின்ன உதைகளாக அடித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. சிறுவயதில் அவர் சொன்ன அந்த இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பயம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

பாதி வழியில் அந்த உதை நின்றது. நான் தாழ்ந்தேன். வாயில் தண்ணீர் புகுந்தது. காவலர் வேகமாக நெருங்கி வந்தார். "ரஹ்னே தோ" என்றார் அக்கா, விட்டுவிடுங்கள் என்று. குரலில் மூச்சு வாங்கியது. என்னைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை. சற்று நேரத்தில் கால்கள் மறுபடி அசைந்தன. வலது கால் பலமாக, இடது கால் அதன் பின்னாலேயே. என் தலை கரையின் ஓடுகளைத் தொட்டது.

மேலாளர் குனிந்து கை கொடுத்தார். அக்கா அதைப் பிடிக்காமல் ஏணியில் தாமாகவே ஏறிவந்தார். "கல் சே ஆயியே, மேடம்" என்றார் அவர். நாளையிலிருந்து வாருங்கள். அக்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அதன்பின் பல பருவங்கள் அவர் வகுப்பு நடத்தினார். குதிப்பதில்லை. தவளை நீச்சலை மட்டும் பழைய மாணவி ஒருத்தி செய்துகாட்ட, அக்கா பக்கத்தில் நின்று திருத்துவார். தயக்கத்தோடு வந்து சேரும் வயதான பெண்களிடம், "எனக்குள்ள ஒரு மூட்டு உலோகம். நானே மிதக்கறேன், நீங்க மிதக்கமாட்டீங்களா?" என்பார். அந்தப் பருவங்களில் ஒன்றில்தான் நானும் நீந்தக் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஜூலையில், மழை பிடித்த வாரத்தில், அக்காவின் இதயம் தளர்ந்தது. மருத்துவமனையில் பெரும்பாலும் அரைத் தூக்கத்திலேயே இருந்தார். கடைசியாக என்னிடம், "மழை பெய்யறப்ப நீந்தியிருக்கியாடி? மேலயும் தண்ணி, கீழயும் தண்ணி" என்றார். மறுநாள் விடிகாலையில் எங்களை விட்டுப் போனார்.

இரவு பகலாக உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொரு நன்றி அந்தக் காலை வகுப்புப் பெண்களுக்கு. காரியத்தன்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து மாடியேறி வந்தார்கள். அன்று வகுப்பு நிற்கக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு, நீந்திவிட்டு நேராக வந்திருந்தார்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் ஒவ்வொருவராகக் குனிந்தபோது, ஈரக் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் கூடமெல்லாம் பரவியது. துடைக்கத் துணி எடுத்துவந்த அத்தான், துடைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.