சும்மாதான் வந்தேன்

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துச் சிவஞானத்துக்குத் தொழில், தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவது. ஊர் அவர் தலையில் கட்டிய வேலை, சாவு சொல்லப் போவது. தொண்ணூறுகளில், வரிசை வீடுகளான லயத்துச் சனத்துக்கு ஏது டெலிபோன்? தந்தி அடித்தால் கருமாதிக்குத்தான் போய்ச் சேரும். அதனால் யார் கண்ணை மூடினாலும், "சிவஞானத்தக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். லுணுகலையில் யாருக்கு யார் உறவு, கொஸ்லந்தைக்கு எந்தக் குறுக்குப்பாதை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்குவமாகச் சொல்வார், அழுகிறவர்களைக் கையோடு பஸ் ஏற்றிக் கூட்டியும் வந்துவிடுவார்.

கொடுமை என்னவென்றால், மனுஷன் பிறவியிலேயே சிரித்த முகம். ஆனால் அந்த முகம் லயத்துக் கோடியில் தெரிந்தாலே போதும், பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். "நா என்ன எமனுக்கு மச்சானா?" என்று வீட்டில் கேட்டுக் கேலியாக்கிவிடுவார். அவர் மனைவி மாரியாயியும் சிரித்து வைப்பாள்.

அந்தச் சிரிப்பும் ஒருநாள் நின்றது. கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஜீவராணி முழுகாமல் இருந்தாள். அவளைப் பார்க்க ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் நின்றவள் அப்பனைக் கண்டதும் மாரில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அம்மா போயிருச்சா!"

"அடி கழுத, ஒங்கம்மாதான்டி இந்தப் பழத்தக் குடுத்தனுப்புச்சு!"

சொல்லி என்ன பயன்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுது தீர்க்க வெகுநேரமாயிற்று. திரும்பி வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "பெத்த புள்ளைக்கே எம் மூஞ்சி சாவு மூஞ்சியாப் போச்சு மாரியாயி" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கு அழத் தெரியும் என்பதே வேறு யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கிறுக்குப் பிடித்தது. சாவு சொல்லப் போன வீடுகளுக்கெல்லாம், லீவு நாளில், ஒரு காரியமும் இல்லாமல் போக ஆரம்பித்தார். பாதை திரும்பும் இடத்திலேயே நின்று, "சும்மா வாறேன்! சும்மாதான் வாறேன்!" என்று கத்துவார். யார் நம்புவார்கள்? முதலில் எதையோ மறைக்கிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தேத்தண்ணியைக் குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், ஆட்டுக்குட்டிக்குப் பழிப்புக் காட்டுவார், எழுந்து வந்துவிடுவார். வீட்டுக்குத் திரும்பும்போது சில நாள் மனம் விட்டுப்போகும். இருந்தாலும் அடுத்த லீவுக்கு வேட்டியைத் துவைத்துப் போட்டுவிடுவார். வருஷங்கள் போகப்போக முகங்கள் இளகின. பிள்ளைகள் 'சும்மா தாத்தா' என்று பெயரே வைத்துவிட்டன. எல்லோரையும் விட மெதுவாக மாறிவந்தவள் ஜீவராணிதான்; அவரைக் கண்டதும் ஒரு நொடியாவது அவள் முகம் சுண்டிப்போகும்.

பிறகு கைபேசி வந்தது. சாவுச் செய்தி அவர் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. அவர் மட்டும் சும்மா போவதை விடவில்லை.

இரண்டாயிரத்தைந்தில் மாரியாயி பதுளை ஆஸ்பத்திரியில் விடியும்போது இறந்துபோனாள். நெஞ்சு வலி, ஒரே நாள்தான். பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியை எடுத்தார்.

"வேணாம். எம் மகளுக்கு நானே போய்ச் சொல்றேன்."

"இந்த நெலமையிலயா அண்ணே?" என்று எல்லோரும் ஏசினார்கள். கேட்டால்தானே! பண்டாரவளையில் பஸ் மாறிக் கொஸ்லந்தையில் இறங்கினார். பாதை திரும்பும் இடத்தில் கால் நின்றுவிட்டது. என்னவென்று கத்துவார், பாவம்! பொய் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குள் மகள் பார்த்துவிட்டாள். "ஏய் புள்ளைங்களா, தாத்தா சும்மா வந்திருக்காரு, ஓடியாங்க!" என்று கூவினாள். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷமாக அவர் மலை மலையாக நடந்து தேடியது அந்த முகத்தைத்தான். இன்றைக்குப் பார்த்துக் கிடைத்தது.

"வாங்கப்பா. அம்மாவையும் கூட்டிட்டு வந்தா என்னவாம்?"

அவர் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. சின்னவனுக்குப் பல் விழுந்த கதையை அவள் சொன்னாள், கோழி அடை வைத்ததைச் சொன்னாள். அவர் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். எவ்வளவு மெதுவாகக் குடித்தாலும் டம்ளர் காலியாகத்தானே வேண்டும்?

"இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி."

எந்த வீட்டிலும் அவர் இரண்டாவது டம்ளர் கேட்டதே இல்லை. ஜீவராணி அப்பனின் முகத்தைப் பார்த்தாள். கேத்தலை எடுத்து வந்து சிந்தாமல் ஊற்றினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் முழங்கால் மேல் கையை வைத்தாள்.

"அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாப்பா?" என்றாள்.