சடையன் தேர்ந்தெடுத்த மிஷின்

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது முருகேசன் போன் செய்தான். சடையனோடு மரம் அறுக்கப் போகிறவன். சாய்கிற மரத்துக்குக் கயிறு பிடிப்பது அவன் வேலை. "ணா, சடையண்ணன் போய்ட்டாரு. மிஷின் எகிறி கழுத்துல பட்டுடுச்சி" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. எந்த மிஷின் என்று கேட்டேன். சொன்னான்: "நீங்க குடுத்ததுதாண்ணா."

சடையனோடு வேலை செய்தவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முப்பத்தெட்டு வயது அவருக்கு. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நடக்க வேண்டிய ஊர். சாமையும் மரவள்ளியும் போட அங்கே கொஞ்சம் நிலம் உண்டு. அது பாதி வருஷத்துக்குத்தான் சோறு போடும். மீதிக்குக் கீழே இறங்கி, ஒப்பந்தக்காரர்கள் காட்டுகிற மரங்களை அறுத்தார். நான் கள்ளக்குறிச்சியில் செயின் சா விற்கிற கடையில் மெக்கானிக். டிப்ளமோ படித்தவன் என்பதால் என்னை 'இஞ்சினீரு' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எதுவும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் மிஷின் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தினி இன்ச்சு?" பிளேடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்ல மிஷின் என்று நினைப்பு. வடக்கனந்தலில் இருந்து ஒரு தோப்புக்காரர் வந்து, ஐம்பது சிசி இன்ஜினில் முப்பது இன்ச் பிளேடு மாட்டித் தரச் சொன்னார். நான் மாட்டிக்கொண்டிருந்தேன். செயினுக்குச் சாணை பிடிக்க வந்திருந்த சடையன் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டிய கட்டி ஏர் ஓட்டச் சொல்றியே இஞ்சினீரே" என்றார். பெரிய மரத்துக்கு எழுபது சிசி வேண்டும், பிளேடு இருபது இன்ச் போதும், இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் எந்தப் புளியமரமும் விழும் என்று தோப்புக்காரரிடம் விளக்கினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மலைக்காரன் தனக்குப் புத்தி சொல்வதா என்று கேட்டார். சடையன் சாணை பிடித்த செயினைச் சட்டைப்பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் முப்பது இன்ச்சையே மாட்டிக் கொடுத்தேன்.

அவர் மிஷின் பார்க்கும் விதத்தை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. முதலில் பெட்ரோலும் செயின் ஆயிலும் முழுதாக ஊற்றச் சொல்வார். பிறகுதான் தூக்குவார். "அட்டையில போட்டுக்கீற எடை கடைக்காரனுது. ரொப்பிட்டுத் தூக்குனாத்தான் என் எடை." ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, பின்பிடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த மிஷின் என்றால் நெற்றி தளரும். வெறும் ரப்பர் என்றால் கையை எடுத்துவிடுவார்.

அதன் காரணம் ஒரு மார்கழிக் காலையில் எனக்குத் தெரிந்தது. ரிப்பேரான மிஷினைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். டீக்கடையில் சடையன் தம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தன. பதினைந்து வருடம் அதிர்கிற கைப்பிடியைப் பிடித்த விரல்களில் ரத்தம் ஓடவில்லை. சட்டைப் பொத்தான்களைக் காலையில் மனைவி அலமேலுதான் போட்டுவிடுவதாகச் சொன்னார். "மாப்ள மாதிரி கீறேன் பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினாரா என்று கேட்டேன். காட்டியிருக்கிறார். இந்த வேலையை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். விட்டுவிட்டு எந்த வேலைக்குப் போவது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இனி தட்டு விஷயம். செயின் சாவின் முன்பிடிக்கு முன்னால் கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு நிற்கும். பிளேடின் நுனி எதிலாவது முட்டினால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது கை அந்தத் தகட்டில் பட்டு, தகடு சாய்ந்து, செயின் அந்த நொடியே நின்றுவிடும். அது பிரேக். ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து நைனார்பாளையம்வரை அதற்கு வழங்குகிற பெயர் 'தூசித் தட்டு'. மரத்தூள் கையில் படாமல் மறைக்க வைத்தது என்று யாரோ ஒருவர் நினைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. தூசிக்குப் பயப்படுகிற ஆளா நாம் என்று புது மிஷின் வாங்கியவுடன் அதைக் கழற்றி எறிவார்கள். கிளைக்குள் நுழைக்க வசதி என்று ஒரு காரணமும் சொல்வார்கள்.

கடையில் நான்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சடையன் என்னைப் பிடித்துக்கொண்டார். "படிச்சவன்தானே நீ. தூசித் தட்டுன்னு சொல்லிச் சொல்லித்தான் கழட்டிப் போடறானுங்க. பிரேக்குன்னு சொல்லு. பைக்குல எவனாச்சும் பிரேக்க கழட்டிட்டு ஓட்டுவானா?" சரி என்றேன். ஒரு வாரம் பிரேக் என்றே சொன்னேன். வாங்க வருகிறவர்களுக்குப் புரியவில்லை. மறுபடி தூசித் தட்டுக்குப் போய்விட்டேன்.

இந்த வருடம் சாலையை அகலப்படுத்த ஓரத்துப் புளியமரங்களை எடுக்கிற வேலை வந்தது. ஒப்பந்தக்காரர் பெரிய மிஷின் ஒன்று வாங்கலாம் என்று சொல்லி, சடையனையே பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார். அரை நாள் கடையில் இருந்தார். நான்கு மிஷின்களை ரொப்பித் தூக்கினார், நான்கிலும் உள்ளங்கையை வைத்தார். எழுபது சிசி, இருபது இன்ச், ஸ்பிரிங் வைத்த பிடி. பிரேக்கை முன்னும் பின்னுமாகத் தட்டிப் பார்த்து, "இது போதும்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டியின்மேல் அவர் பெயரை எழுதி ஒதுக்கி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி மட்டும் வந்தார். ஒதுக்கி வைத்ததைக் காட்டினேன். பிளேடு குட்டையாக இருக்கிறது என்றார். பெயர் தெரியாத ஒரு மிஷினை, விலை கம்மி, பிளேடு முப்பது இன்ச் என்று எடுத்துக்கொண்டார். போகும்போது, "அந்தத் தூசித் தட்ட எடுத்துடுப்பா, ஆளுங்களுக்கு இடைஞ்சல்" என்றார். கடை முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு திருகுகள். கழற்றினேன். மிஷினைத் தேர்ந்தெடுப்பவன் ஒருவன், அதைப் பிடிப்பவன் வேறொருவன். இந்த நாட்டில் கருவிகள் எல்லாம் இப்படித்தான் வாங்கப்படுகின்றன. அதைக் கண்டு கோபப்பட எனக்குத் தெரியும். திருகைக் கழற்றாமல் இருக்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே சடையன் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பிரேக்கு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார். முதலாளியிடம் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். அதுவரை வேலைக்குப் போகாதீர்கள் என்றும் சொன்னேன். நான் போகவில்லை என்றால் என் இடத்துக்குக் கச்சிராயபாளையத்தில் நாலு பேர் டெம்போவுக்கு நிற்கிறார்கள் என்றார். உண்மைதான். நான் முதலாளியிடம் சொல்ல அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று தள்ளினேன். நான்காம் நாள் முருகேசனின் போன் வந்தது. பழைய புளியமரம், எந்தக் காலத்திலோ போர்டு மாட்ட அடித்த இரும்பு ஆணி பட்டைக்குள் புதைந்திருந்திருக்கிறது. பிளேடின் நுனி அதில் முட்டியது.

பிணவறை வாசலில் மேஸ்திரி போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ஆள் காலையிலேயே குடித்திருந்தான், சொல்லியும் கேட்கவில்லை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்குச் சாராயச் சாவுதான் ஞாபகம் வருகிறது. அதிலும் செத்தவன் மலைக்காரன் என்றால் யாரும் ஊதிப் பார்க்கக்கூடச் சொல்வதில்லை. சடையன் குடிக்காதவர் இல்லை. வேலை இல்லாத நாளில் மலையில் குடிப்பார், குடித்தால் சண்டை போடுவார். மிஷினைத் தொடுகிற நாளில் தொட்டதில்லை. இதை அவரோடு வேலை செய்த எல்லோரும் அறிவார்கள். அன்று வேலையில் கூட இருந்த எட்டுப் பேர் அங்கே நின்றார்கள். எட்டுப் பேரும் அடுத்த வாரம் அதே மேஸ்திரியின் டெம்போவில் ஏற வேண்டியவர்கள்.

அலமேலு என்னிடம் வந்தார். அழவில்லை. "தண்ணி போட்டுட்டு அறுத்தாருன்னு எழுதிக்கினு கீறாங்க. புள்ளைங்க நாளைக்கு இதைத்தானே படிக்கும். உனுக்குத் தெரியும் இல்ல தம்பி?" என்றார்.

போலீஸ்காரரிடம் போய், அவர் குடிக்கவில்லை, மிஷினில் பிரேக் இல்லை, அதைக் கழற்றியது நான் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, எந்த பிரேக் என்றார். கையால் காட்டினேன். "ஓ, தூசித் தட்டா" என்று சொல்லி அப்படியே எழுதினார். 'தூசித் தட்டு இல்லை' என்று. அந்த வரியைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் அதில் ஒரு சாவு தெரியாது. அடித்துவிட்டு பிரேக் என்று எழுதுங்கள் என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். இல்லை என்றேன். மேஸ்திரி என் பெயரையும் கடையின் பெயரையும் அங்கேயே உரக்கச் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று. நான்காவது தடவை கேட்டபோது போலீஸ்காரர் சலித்துக்கொண்டு அடித்து எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். குடித்திருந்தான் என்ற வரியும் அதே தாளில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. இரண்டில் எது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் வாய் திறந்தால் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கடையில் இப்போது நான் இல்லை. சின்னசேலம் பக்கம் வேறொரு கடையில் இருக்கிறேன். சடையனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பிடிவாதம், அதுவும் பாதிதான். நேற்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்து எத்தனை இன்ச் என்று கேட்டார். யார் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். ரோட்டில் நின்ற டெம்போவில் உட்கார்ந்திருந்த ஆளைக் காட்டினார். அவரை உள்ளே கூப்பிடுங்கள் என்றேன். அந்த ஆள் இறங்கி வந்தார், கடை வாசலில் செருப்பைக் கழற்றினார். போட்டுக்கொண்டே வாங்க என்று சொல்லி, டேங்கை ரொப்பி, மிஷினை அவர் கையில் கொடுத்தேன்.