கறுப்புப் பசை

பெரிய வண்டியின் பின்கண்ணாடியைத் தனியாளாக மாட்ட முடியாது. கனம் அப்படியொன்றும் இல்லை, அகலம்தான் ஆளைப் படுத்தும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஒரே மூச்சில் தூக்கி ஒரே மூச்சில் வைக்க வேண்டும். எங்கள் பட்டறை வரிசையில் அந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள்.

நான் பக்கத்துக் கடையில் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். கடை போட்ட அன்று முதலில் வந்து விசாரித்தவர் அந்தக் கண்ணாடிக்காரர். அதனால் எனக்கு அண்ணன். முறைப்படி அவர் மனைவி அண்ணி ஆகவேண்டும். "அண்ணின்னு கூப்பிடாதே, சண்டை போடணும்னு தோணும். அக்கான்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் அண்ணனும் அக்காவும் எனக்குப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள். புதிதாகக் கேட்பவர்கள் முழிப்பார்கள். நாங்கள் சிரிப்போம்.

கல்யாணமாகி வந்தபோது அக்காவுக்குக் கண்ணாடி வேலை தெரியாது. அண்ணனிடம் இருந்த வேலையாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடி" என்று இவளைக் கூப்பிட்டிருக்கிறார். பிடித்தவள் பிறகு விடவேயில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள் பட்ட கவலையில் பாதிகூட அவர்கள் படவில்லை. ஒன்றாக வருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள்.

"கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?"

"உங்க மூஞ்சியிலதான். வேற எங்க பாக்க விடுறீங்க?"

சுவருக்கு இந்தப் பக்கம் தைத்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ரேடியோ தேவைப்பட்டதில்லை.

அண்ணனுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் சளி என்றார். பிறகு ரோட்டுத் தூசி என்றார். அப்புறம் பழி என் மேல் வந்தது; சீட்டுக்கு அடைக்கும் பஞ்சு பறந்து வந்து தொண்டையில் உட்கார்கிறதாம். லீவு நாளில் இருமல் இருக்காது. "பாத்தியா, எனக்கு ஓய்வுதான் மருந்து" என்பார். அது எதற்குச் சாட்சி என்று எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏணிக்காரர் வந்தார். அடர்நீல நிறத்தில் புத்தம்புதிய பெரிய வண்டி. பின்கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பை டேப் போட்டு ஒட்டியிருந்தார்.

"என்ன சார், கல்லடிச்சாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏணிம்மா."

"ஏணி வந்து இடிச்சுதா?"

"நான்தான் ஏணி வாங்கி உள்ளே வச்சேன். கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. கவனிக்காம பட்டனை அமுக்கிட்டேன். தானா மூடுற கதவு இல்லையா, தானா வந்து தானா உடைச்சுக்கிச்சு."

"ஏணிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அக்கா அக்கறையாக விசாரித்தாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் பெயர் ஏணிக்காரர்.

இந்தக் காலத்து வண்டிகளில் பின்கண்ணாடி என்பது வெறும் கண்ணாடி இல்லை. பனியை விரட்டும் சூட்டுக் கம்பிகள் மயிரிழைபோல அதில் ஓடும். ரேடியோவின் ஆன்டெனா அதிலேயே இருக்கும். வைப்பருக்கு ஓட்டை, அதைச் சுற்றி நாலைந்து வயர். சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். கண்ணாடி வந்து சேர்ந்த அன்று நல்ல மழை. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

பின்சீட்டின் உறையைக் கழற்றி உதற என்னையும் கூப்பிட்டார்கள். உடைந்த கண்ணாடி கல் உப்பு மாதிரி எங்கும் கிடந்தது. சீட்டு இடுக்கில், ஸ்டெப்னி டயர் கிடக்கும் குழியில், பின்கதவின் உட்பலகைக்குள். கதவைத் தட்டினால் உள்ளே சலசலவென்று உதிரும். வேக்குவம் வைத்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதெல்லாம் முடிந்ததும் சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை அண்ணன் கத்தியால் சீவினார். பிறகு புதுப் பசை. கறுப்பாக, கெட்டியாக, துப்பாக்கி போன்ற குழாயிலிருந்து வரும். அதை மட்டும் அண்ணன் அக்காவிடம் கொடுக்கவே மாட்டார். சட்டத்தைச் சுற்றி எங்கும் அறாமல் ஒரே கோடாக இழுக்க வேண்டும். கோடு அறுந்த இடத்தில் தண்ணீர் ஒழுகும்.

மேல் மூலையைத் தாண்டும்போது அண்ணனின் கை நின்றது. மூச்சை இழுத்தார், அது வெளியே வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம்.

"என்னங்க?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு மிச்சக் கோட்டையும் இழுத்து முடித்தார். பசை மேல்தோல் கட்டுவதற்குள் கண்ணாடியை வைத்தாக வேண்டும், காத்திருக்க முடியாது. "தூக்கு" என்று சைகை காட்டினார். தூக்கினார்கள். அவர் பக்கம் கிடுகிடுவென்று ஆடியது. வாசலில் காத்து நின்ற ஏணிக்காரர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். கண்ணாடி சட்டத்தில் உட்கார்ந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

அக்கா இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அழுத்திக்கொண்டு நின்றாள். டேப் ஒட்டும்வரை கையை எடுக்கக் கூடாது. அவளுக்குப் பின்னால் அண்ணன் மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் முதுகைத் தடவியபடி, "அக்கா, உதடெல்லாம் நீலமாகுது" என்று கத்தினேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஏணிக்காரரால் ஒற்றை ஆளாகப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கண்ணாடி பசையில் வழுக்கி இறங்கி, ஒரு மூலை சிமென்ட்டுத் தரையில் பட்டது. அவ்வளவுதான். அத்தனையும் மறுபடி கல் உப்பு.

யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏணிக்காரரின் வண்டியிலேயே அண்ணனை ஏற்றினோம். மழை பின்பக்கமாக உள்ளே அடிக்க, அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தின் மேல் தன் கையைக் குடையாகப் பிடித்தபடி வந்தாள். கதவைச் சுற்றிலும் பசை காயாமல் அப்படியே இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணாடி இல்லாத வண்டியாக இருந்ததால் காற்றாவது வந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சை மீட்டுவிட்டார்கள். டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டார், என்ன பசை என்று கேட்டார், லீவு நாளில் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"இனிமே இந்தப் பசை இருக்கிற பக்கமே போகக் கூடாது."

"மாஸ்க் போட்டுக்கிட்டா?"

"கூடாதுங்க. இத்தனை வருஷமா உள்ளே போனதை உங்க உடம்பு இப்ப எதிரின்னு கண்டுபிடிச்சிடுச்சு. இனிமே அது மறக்காது. கொஞ்சூண்டு பட்டாலும் இப்படித்தான் ஆகும்."

அண்ணன் திரும்பி அக்காவிடம், "வேற பசை ஏதாவது இருக்குமா பாரு" என்றார்.

ஏணிக்காரருக்கு மறுபடியும் கண்ணாடி வரவழைத்தார்கள். இந்தத் தடவை துப்பாக்கியைப் பிடித்தது அக்கா. அந்தப் பக்கம் பிடிக்க, பெயின்ட் கடையில் வேலை இல்லாமல் இருந்த ஓர் ஊமையன் வந்தான். பிறவி ஊமை இல்லை; பேசமாட்டான், அதனால் அந்தப் பெயர். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். எங்கும் அறவில்லை. கண்ணாடி சரியாக உட்கார்ந்தது. வயர்களை மாட்டி, சூட்டுக் கம்பி வேலை செய்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். "நாளைக்கு வரைக்கும் கதவைப் படார்னு சாத்தாதீங்க சார், உள்ளே இருக்கிற காத்தே கண்ணாடியைத் தள்ளிடும்" என்று அண்ணன் சொல்வதுபோலவே சொன்னாள். ஏணிக்காரர் கும்பிடாத குறையாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அக்கா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். போகும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததை அவள்தான் சொன்னாள். கதவைத் திறந்ததும், "ஒட்டிட்டேங்க! கம்பி மாதிரி வந்துச்சு கோடு" என்றாளாம். அண்ணன் எழுந்து வந்து, "கையைக் காட்டு பாப்போம்" என்று அவள் விரல்களைப் பிடித்தாராம். பிடித்த கையை விடுவதற்குள் இருமல் வந்துவிட்டது. அவள் சட்டை, முடி, விரல் இடுக்கு எல்லாவற்றிலும் பசை வாடை.

அதிலிருந்து என் கடையின் பின்னறை அக்காவின் குளியலறை ஆயிற்று. வேலை முடிந்ததும் அங்கே தலைக்கு ஊற்றி, வேறு துணி மாற்றி, செருப்பைக்கூட அங்கேயே விட்டுவிட்டுப் போவாள். கொஞ்ச நாள் அது பலித்தது. பிறகு அதுவும் போதவில்லை. அவள் சமையலறையில் படுத்தாள், அவர் முன்னறையில் படுத்தார். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். பேச வேண்டியதை அடுத்த அறையிலிருந்து சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். சத்தமாகப் பேசும்போது சண்டை மட்டும்தான் வருகிறது, மற்றது வரமாட்டேன் என்கிறது என்றாள் ஒருநாள்.

வேலையை விட்டுப் பார்க்காமலும் இல்லை. ஒரு பேக்கிங் கம்பெனியில் போய் அட்டைப்பெட்டி மடித்தாள். அந்தச் சம்பளம் அண்ணனின் மருந்துக்கும் வாடகைக்கும் எட்டவில்லை. அண்ணன் ஒரு குடியிருப்பில் வாசல் காவலுக்குப் போனார். அங்கே சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். அதன் நெடியிலேயே மூச்சு முட்டித் திரும்பி வந்தார். அக்கா மறுபடி பட்டறையைத் திறந்தாள்.

கடைசியில் அண்ணனே சொன்னார். "கொஞ்ச நாள் என் கூடப்பிறந்த தங்கச்சி வீட்ல இருந்துட்டு வரேன்."

"கொஞ்ச நாள்னா?"

"மூச்சு சரியாகட்டுமே."

அவருடைய சட்டைகளை அக்கா தன் வீட்டில் துவைக்கவில்லை. என் வீட்டில் கொண்டுவந்து போட்டாள். நான் துவைத்து, நான் மடித்து, நான்தான் பெட்டியில் வைத்தேன். அவள் கொஞ்சம் தள்ளி நின்றபடி எது மேலே, எது கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே அண்ணன் தேறிவந்தார். மாடியேறுகிறார், தங்கச்சி பெண்ணோடு கடைக்கு நடந்து போய்வருகிறார் என்று வந்து சொல்வாள். ஒரு ஞாயிறு போய்விட்டு வந்தவள் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை எடுத்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"வாரா வாரம் எதுக்கு அலையறேன்னு கேட்டார். அலைச்சல் எனக்குத்தானே, உங்களுக்கென்னன்னேன். நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னார்."

"குளிச்சிட்டுத்தானே போனே?"

"குளிச்சிட்டு, கடையில வாங்கின புதுத்துணியைப் பிரிச்சு உடுத்திக்கிட்டுப் போனேன். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுப் பாத்துட்டு, 'துணியில இல்ல போலிருக்கு'ன்னார்."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அவள் அழவில்லை. நகத்தடியில் இருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாள். இது உடம்பாகவும் இருக்கலாம், பயத்தில் மனசு செய்வதாகவும் இருக்கலாம், இரண்டில் எதுவாக இருந்தாலும் மூச்சு முட்டுவது நிஜம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிறுதோறும் போனவள் மாதம் ஒருமுறை ஆக்கிக்கொண்டாள். பிறகு அதுவும் தள்ளிப்போனது. போனில் பேசுவார்கள். ஆரம்பத்தில் இன்று என்ன வண்டி, எந்தக் கண்ணாடி என்று அண்ணன் துருவித் துருவிக் கேட்பார். இப்போது கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், சாப்பிட்டேன் என்கிறாள்.

போன மாதம் அவளோடு நானும் போயிருந்தேன். தங்கச்சி வீட்டு முற்றத்தில் இரண்டு கோடியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். அண்ணன் சதை போட்டு, முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். என் கடையைப் பற்றி விசாரித்தார். "இப்பவும் உன் பஞ்சு பறக்குதா?" என்று கேட்டார். மூவரும் சிரித்தோம். தங்கச்சி தேநீர் கொண்டுவந்தாள், குடித்தோம். நாங்கள் கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வர எழுந்தார். "வராதீங்க, ரோட்டுல ஒரே புகை" என்று அக்கா கையை நீட்டித் தடுத்தாள். அவர் நின்றுவிட்டார்.

"நல்லா இருக்கார் இல்ல?" என்றாள் அக்கா, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது.

"ரொம்ப நல்லா இருக்கார்க்கா."

"அங்கேயே இருக்கட்டும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை இரண்டு கண்ணாடி வேலை இருந்தது. எங்கள் நிறுத்தம் வந்ததும் நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.