உகாதிக்கு நான் போட்ட தேதி

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 10, புதன்கிழமை, காலை எட்டு மணி. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் சாலையில் ஒரு தையல் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வருகைப் பதிவேடு பார்ப்பவன் நான். அன்று வாசலில் ஒன்பது பெண்களை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். முந்தைய நாள் சொல்லாமல் லீவு போட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. முந்தைய நாள் உகாதி.

ஒன்பது பேரும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள். எங்கள் தொழிற்சாலையில் ஜனவரி முதல் தேதிக்குக் கேக் வெட்டுவார்கள். சித்திரை ஒன்றுக்கு விடுமுறை. உகாதிக்கு மட்டும், வேண்டியவர்கள் ஆண்டு தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்து விருப்ப விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேலாளர் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர், என்னைவிட இருபது வயது சிறியவர். எல்லோரும் கேட்கும்படி பேசினார். "ஒரு வருஷத்துக்கு எத்தனை நியூ இயர்மா உங்களுக்கு? ஜனவரில கேக் சாப்ட்டீங்க. இன்னும் நாலு நாள்ல சித்திரையும் வருது. நடுவுல இது வேறயா?"

ஒன்பது பேரில் மூத்தவர், காலர் தைக்கும் பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நிதானமாகப் பதில் சொன்னார். "கேக்கு நீங்க வெட்னீங்க, சாப்ட்டோம் சார். எங்களுக்கு வருசம் நேத்துதான் பொறந்துச்சு. ஜனவரிலயே எழுதி கையெழுத்து போட்டுத்தான குட்த்தோம்?"

பதிவேட்டில் அப்படி இல்லை என்றார் மேலாளர். என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன். நான் பதிவேட்டில் தவறு செய்யாதவன் என்று தொழிற்சாலை முழுக்கப் பெயர். அதனால் அந்தப் பெண்கள் ஓரமாகப் போய் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள்.

அந்த வாரம்தான் அந்தப் பெண்மணிக்கு லைன் சூப்பர்வைசர் பதவி முடிவாகவிருந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்த ஒரு பெண் அந்தப் பதவிக்கு வருவது அதுவே முதல்முறையாக இருந்திருக்கும். அதற்கு ஒரு விதி: ஓராண்டில் சொல்லாமல் எடுத்த விடுப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்து ஒரு சின்ன டப்பாவை வைத்தார். உகாதிப் பச்சடி. வேப்பம்பூ, புதுப்புளி, வெல்லம், மாங்காய் எல்லாம் போட்டது. ஒவ்வொரு வருடமும் பண்டிகை முடிந்து வேலைக்கு வரும்போது எனக்குக் கொண்டுவருவார். காலையில் நான் "இல்லை" என்று சொன்ன பிறகும் கொண்டுவந்திருந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

இருபத்தாறு வருடமாக டைரி எழுதுகிறேன். அன்று மாலை பச்சடியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். போன வருடம் அதில் கசப்பு கூடுதலா என்று பார்க்கப் பழைய டைரிகளை எடுத்தேன். 2019: உகாதிப் பச்சடி (ஏப்ரல் 6). 2022: உகாதிப் பச்சடி (ஏப்ரல் 2). 2023: உகாதிப் பச்சடி (மார்ச் 22). அடைப்புக்குறிக்குள் பண்டிகை நாள். எல்லாம் என் கையெழுத்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனவரியில் அந்தப் பெண்கள் விண்ணப்பத்தில் "உகாதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தேதியை நிரப்பியது நான். போன வருட விடுமுறைப் பட்டியலிலிருந்து மார்ச் 22ஐ அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். எனக்குப் புத்தாண்டு என்றால் ஜனவரி ஒன்று, ஏப்ரல் பதினான்கு. தேதி மாறும் புத்தாண்டு என் வீட்டில் கிடையாது. மார்ச் 22 அன்று ஒன்பது பேரும் வேலைக்கு வந்தபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. விடுப்பு வேண்டாம் போலிருக்கிறது என்று பதிவேட்டில் அடித்துவிட்டேன். இத்தனைக்கும் அதே பட்டியலில் ரம்ஜானுக்கு நேரே "பிறையைப் பொறுத்துத் தேதி மாறலாம்" என்று நானே குறிப்பு எழுதியிருந்தேன்.

மறுநாள் ரம்ஜான் விடுமுறை. வெள்ளிக்கிழமை முதல் வேலையாக மேலாளரிடம் போய்த் தவறு என்னுடையது என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்க தப்புன்னா அந்த லீவு லிஸ்ட்ல கையெழுத்து போட்ட என் தப்பும்தான? மேல தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கேள்வி வரும். அவங்க ஆளுக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் குடுக்கட்டும், முடிஞ்சிரும்."

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. வாசகத்தையும் நானே எழுதி, ஒன்பது வெள்ளைத்தாள்களை எடுத்துக்கொண்டு தையல் பகுதிக்குப் போனேன். எட்டுப் பேர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெண் மட்டும், "அடுத்த வருசம் உகாதியை சார்கிட்ட கேட்டுகினு கொண்டாடலாம்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள்.

காலர் தைக்கும் பெண்மணி மிஷினை நிறுத்தினார். வெள்ளைத்தாளோடு நான் எழுதிய வாசகத்தையும் வாங்கிப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆங், எழுதறேன். என்னா தப்பு பண்ணன்னு எழுதணும் சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் எந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்பதுபோலவே கேட்டார். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மற்ற எட்டையும் அவரவரிடமே கொடுத்துக் கிழித்துவிடச் சொன்னேன். பிறகு அந்த ஒன்பதாவது தாளில் என் தவறை நானே எழுதினேன்: மார்ச் 22 என்பது எங்கிருந்து வந்தது, ஏப்ரல் 9 எப்படி விட்டுப்போனது, இந்த ஒன்பது பேர் மீதும் குற்றமில்லை. மேலாளர் வாங்க மறுத்தார். தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, நகலைப் பதிவேட்டில் ஒட்டினேன்.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அது நியாயம். மூன்று வாரம் கழித்து ஒன்பது பேருக்கும் அந்த நாள் விருப்ப விடுப்பாக மாற்றப்பட்டது. ஆனால் சூப்பர்வைசர் பதவியை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். திருத்தம் வந்துவிட்டதே, மறுபடி பரிசீலிக்கலாமே என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. வாசலில் அத்தனை பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு மேலாளர் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. நான் டிசம்பர் 31 அன்று புத்தாண்டுக்காகத் திருத்தணி மலைப்படிகளில் சூடம் ஏற்றுகிறேன், மறுநாள் கேக் சாப்பிடுகிறேன், சித்திரை ஒன்றில் பாயசம் குடிக்கிறேன். உனக்கு எத்தனை புத்தாண்டு என்று என்னை யாரும் கேட்டதில்லை.

2025இல் உகாதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாருக்கும் விடுப்பு தேவைப்படவில்லை. அந்த வாரம் டப்பாவோடு வந்த பெண்மணி, "இந்த வருசம் சாமியே ஞாயித்துக்கெழமையா பாத்து வெச்சிட்டாரு சார். உங்களுக்கு வேல மிச்சம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் அதே மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்று எங்கள் ஊர் மலையைச் சொல்வார்கள். அதன் 365 படிகளையும் இரண்டு டிசம்பர்களில் ஏறி இறங்கிவிட்டேன்; அந்த மேலாளர் மீதும், மறுக்காமல் தாள்களை எடுத்துக்கொண்டு நடந்த என் மீதும் உள்ள கோபம் இன்னும் தணியவில்லை, தணிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.