தேன்மொழியைப் பிடித்த கை

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களைக் கெஞ்சி நம்ப வைக்கும் உத்தேசம் எனக்கில்லை. நாய் ஊளையிட்டு, மணி பன்னிரண்டு அடித்தால்தான் பேய் வரும் என்று நினைக்கும் புத்திசாலிகளுக்கும் ஒரு செய்தி. எனக்கு நடந்தது சாயங்காலம் ஆறு நாற்பத்திரண்டுக்கு. இரண்டு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன.

என் பெயர் எபி. பெங்களூரில் நான்கு வருடம் நவீன நடனம் படித்துவிட்டு, சேரன்மகாதேவியில் ஓர் உரக்கடை மாடியில் சொல்லிக்கொடுத்தேன். வந்து சேர்ந்தவை ஏழு உருப்படிகள். சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டிவிட்டு அதை நடனம் என்று நம்பும் கூட்டம். உடம்பின் எடையைத் தரைக்குக் கொடு என்றால், சட்டை அழுக்காகுமே என்று யோசிப்பார்கள்.

அதிலும் இந்தத் தேன்மொழி. ஜவுளிக்கடையில் வேலை முடித்து ஓடி வருவாள். கண்ணை மூடி, கட்டை மாதிரி பின்னால் சாய வேண்டும். பின்னால் நிற்பவர் பிடிப்பார். நாங்கள் மேடையேற்ற இருந்த நடனம் அதில்தான் தொடங்குகிறது. மூன்று வாரமாக, ஒவ்வொரு முறையும் அவள் கால் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. இன்றும் விழாவிட்டால் உன் இடம் ரீபாவுக்கு என்று சொல்லிவிட்டேன். அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆறரைக்கு மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஒரு தடவை என்று அவள் மட்டும் நின்றாள்.

"பிடிச்சுக்கிடுவீங்கள்லா மாஸ்டர்?"

"பின்னாலதான நிக்கேன். கண்ண மூடிட்டு நீயே எட்டு வரை எண்ணு."

எண்ணத் தொடங்கினாள். நான் சத்தமில்லாமல் விலகி, பத்தடி தள்ளி சுவிட்ச் போர்டு பக்கம் போய் நின்றேன். எப்படியும் காலை ஊன்றத்தான் போகிறாள், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

"...ஏழு... எட்டு."

கால் ஊன்றவில்லை.

விழுந்தாள். கட்டை மாதிரியே. சிமெண்டுத் தரை. 

பின்மண்டைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்...

அங்கேயே நின்றாள். சாய்ந்தபடி.

அவள் விலாவில் சட்டைத் துணி குழிந்திருந்தது. பக்கத்துக்கு ஐந்து குழி.

பைய... மிகப் பைய... தரையில் இறங்கினாள்.

பிறகு சத்தம். தப்... தப்... வெறுங்கால்.

என்னை நோக்கி வந்தது.

என் முன்னால் நின்றது.

போனைப் பார்த்தேன். 6:42.

தேன்மொழி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "விழுந்துட்டேன் மாஸ்டர். ஒங்க கை ஏன் இப்படிக் குளுந்து கெடக்கு?"

மாடியைக் காலி செய்கிறேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுக்க, மறுநாள் காலை கீழே கடைக்குப் போனேன். உரக்கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி காரணம் கேட்டார். சொன்னேன். கல்லாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏழு வருசம் முந்தி ஒரு டான்ஸ் மாஸ்டர் மாடிய எடுத்திருந்தான் வே. மகாராஜான்னு பேரு. ஒரு பிள்ளைய விழச் சொல்லிட்டு, வெளையாட்டுக்கு வெலகிட்டான். பிள்ள பொழைக்கல. அன்னையிலருந்து அவனுக்கு ரெண்டு கையும் மரத்துப்போச்சு. ஐஸ் மாதிரி கெடக்கும். ராதாபுரத்துல அவன் பொண்டாட்டிதான் சோறு ஊட்டுதா."

"இப்பவுமா?"

"நேத்து வரைக்கும். ராத்திரி அவனே போன் போட்டான். சாயந்தரம் ஆறே முக்கால் இருக்கும், தன்னால கை சூடேறிட்டாம். டம்ளர அவனே எடுத்து டீ குடிச்சானாம்."

சாவியை நீட்டினேன்.

"சாவி எங்க வே?" என்றார்.

அது என் காலடியில் கிடந்தது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மாதம் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல, என் மனைவி கரோலின் இதை எழுதுகிறாள். நேற்று யாரோ ஒரு டான்ஸ் மாஸ்டர் அந்த மாடியைப் பற்றி விசாரித்தான். தன் மாணவர்களை மாடுகள் என்றான். போனை என் காதில் பிடித்திருந்த கரோலின் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நல்ல இடம் வே, தைரியமா எடும்" என்றேன்.