‘மின்தடை’ என்று ஓர் அட்டை

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மலேசியாவின் மாசாயில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெரஸ் வரிசை வீட்டில் நடந்தது. வீட்டு ஹாலில் நான் டியூஷன் எடுப்பேன். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஐந்தாறு பேர் வருவார்கள். அங்கே அறிவியல் பாடம் மலாய் மொழியில். ‘ரிந்தாங்கான்’ என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். அதுதான் மின்தடை, கரண்ட் ஓடுவதைத் தடுக்கும் தன்மை என்று தமிழில் சொன்னால்தான் முகம் தெளியும்.

வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது என்று அன்று வீடு முழுவதும் அட்டை ஒட்டினேன். செம்புக் கம்பியில் ‘கடத்தி’. ரப்பர் செருப்பில் ‘கடத்தாப் பொருள்’. ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்த பொம்மையில் ‘காந்தம்’. குளியலறை ஹீட்டரில் ‘மின்தடை’. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கரண்டைத் தடுப்பதால்தானே தண்ணீர் சுடுகிறது! எனக்கு ஒரே பெருமை.

அந்த ஹீட்டர் ஒரு வாரமாகச் சரியாகச் சுடவில்லை. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் காலையில் கிளம்பும்போதே சொன்னார்: “வந்து ஹீட்டர தொறந்து பாக்கணும். மெயின் பெட்டியில அதோட சுவிட்ச ஆப் பண்ணி வச்சிரு லா.” குளியலறைப் பக்கம் இருந்த சுவிட்ச் என்றைக்கோ கெட்டு, அணைக்க முடியாமல் கிடந்தது. சரி என்றேன். அட்டை வெட்டும் மும்முரத்தில் சுத்தமாக மறந்துபோனேன்.

பாடம் நடந்துகொண்டிருந்ததால் அவர் பின் கதவு வழியாக வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கப் போன ஒரு பெண்பிள்ளை, “டீச்சர்! அங்கிள்!” என்று அலறினாள். ஓடினேன்.

ஈரத் தரையில் நின்றிருந்தார். ஒரு கை ஹீட்டருக்குள். பல் கிட்டிப்போய், கண் மட்டும் என்னைப் பார்த்தது. சத்தமே வரவில்லை. அந்தப் பிள்ளை அவரைப் பிடித்து இழுக்கப் போனாள். அவள் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். என் கையும் அவர் பக்கம் போய்விட்டுத்தான் திரும்பியது. மனித உடம்பும் கடத்திதான் என்று எத்தனை தடவை போர்டில் எழுதியிருப்பேன்! தாலி கட்டியவர் துடிக்கிறார், தொடாமல் முதுகைக் காட்டி ஓடினேன்.

மெயின் பெட்டி வாசல் கதவுக்கு மேலே. எட்டவில்லை. தரை துடைக்கும் கட்டையை எடுத்துக் குத்தினேன். முதல் குத்து சுவரில் பட்டது. இரண்டாவதில் ஹால் காற்றாடி நின்றது. உள்ளே ‘தொப்’பென்று ஒரு சத்தம்.

உயிரோடு விழுந்தாரா, இல்லையா? அந்தப் பத்தடி தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றும் தெரியாது. கிட்டே போனதும் அவர் முனகினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். இரண்டு விரல் கருகியதோடு போயிற்று. பிறகு வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், கரண்ட் கசிந்தால் தானாக விழ வேண்டிய டிரிப் சுவிட்ச் இறுகிக் கிடந்ததைக் காட்டினார். “இந்த டெஸ்ட் பட்டன அப்பப்ப அமுக்கிப் பாக்கணும்க்கா. யாருமே தொட்டதில்ல போல.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவரிடம், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவர் புரியாமல் பார்த்தார்.

“நீதான எழுதி ஒட்டியிருந்த, மின்தடைன்னு? பேப்பர்ல அப்படித்தான போடுவாங்க, கரண்ட் இல்லன்னா?”



இப்போதும் டியூஷன் எடுக்கிறேன்; மாதம் ஒரு முறை அந்தப் பட்டனை அமுக்குகிறேன். அவரைக் காப்பாற்றியது நான் படித்த பாடம், சாகக் கொடுக்கப் பார்த்ததும் அதே பாடம்தான் என்று நினைத்து, போர்டில் ‘மின்தடை’ என்று எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே ‘கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை’ என்றும் எழுதுகிறேன்.